மலையகத்தாரும் மாரியம்மன் துணையும்

நாளை நடப்பதை மனிதன் அறியான். அறியாத நாளையை எண்ணி இன்றே அஞ்சி மடிவோரும் உளர். அதனை ஆண்டவன் கையில் ஒப்படைத்துவிட்டு இன்றைய கடமையைச் செய்வோரும் உளர். எம் முன்னோர் இரண்டாம் வகையினர் என்பதற்கு மலையக வரலாறே சான்றாகும்.

1820களில் இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. பிழைத்து வந்தோருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயில். அங்கே முத்துமாரியம்மன் கோவில் கொண்டாள். அந்நிய மண்ணில் தாய்முகம் ஒன்றைக் கண்ட ஆறுதலுடன் அவர்கள் மலையேறினர்.

1869இல் இலைநோய் கோப்பியைத் தாக்கியது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினும் லயத்து வாழ்வு மாறவில்லை. ஆயினும் தோட்டந்தோறும் மாரியம்மனுக்கு ஒரு கோவில் எழுந்தது. ஆலை இயந்திரத்தின் அருகே ரோதை முனியையும், கத்தி எடுக்குமுன் கவ்வாத்துச் சாமியையும் தொழிலாளர் வணங்கினர். உழைப்பு வேறு, வழிபாடு வேறு என அவர்கள் பிரித்தாரல்லர்.

மனிதர் வகுத்த சட்டங்களோ அவர்களை அலைக்கழித்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. உற்றாரைப் பிரித்துத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையத்தைக் கொண்ட பட்டிப்பொலவில் வாழும் நாம், அப்பெயரின் பொருளை மறத்தல் தகாது.

‘தெய்வத்தை நம்பியோர் கைகட்டி வாளாவிருந்தனர்’ என்பாரும் உளர். வரலாறு அதனை மறுக்கிறது. 1952இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிரஜாவுரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடத்தியது. பயிரை நட்டு மழைக்குக் காத்திருக்கும் உழவனைப் போல, எம்மவரும் செய்யவேண்டியதைச் செய்துவிட்டே காத்திருந்தனர். 1983 ஜூலை வன்செயலில் மாத்தளைக் கோவில் தீக்கிரையானது. அடியார்கள் மனந்தளராது அதனை மீண்டும் எழுப்பினர். மாசிமகத்தில் ஐந்து தேர்கள் மீண்டும் வீதியுலா வந்தன. 2003இல் நிறைவேறிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் பிரஜாவுரிமையை உறுதிசெய்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த சமூகம் அது!

மிஷன் பாடசாலையில் பயின்ற நாம், பிற சமயத்தாரும் இதே நம்பிக்கையால் மனவமைதி பெறுவதைக் கண்டிருக்கிறோம். இறைநம்பிக்கை துன்பத்தை உடனே நீக்கிவிடும் என்று எம் முன்னோர் எண்ணவில்லை. துன்பத்தின் நடுவே மனம் சிதறாமல் காப்பது அது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இளைஞர்காள்! சொந்தக் காணியும் நல்ல வீடும் இன்றும் எம்மவரில் பலருக்குக் கனவே. உரிமைக்காக உழைப்போம், கல்வியைப் பெருக்குவோம், பலனை அன்னையின் திருவடியில் வைப்போம். பெரியோர் எமக்கு விட்டுச்சென்ற சொத்து இந்த அமைதியே. அதனைக் குறையாமல் காப்பது நம் கடன்.