ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்குதா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? ரத்த உறைவுக்கான ‘சூடு சிகிச்சை’ சோதனை ஏன்?

பாரிவாக்கத்தில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய், ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்ப்பவருக்கு கால் வீங்கினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “நின்னு நின்னு வீங்கிடுச்சு, ஒத்தடம் கொடு”. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, ஆடுதசை இறுகி வலித்தால் விஷயமே வேற.

காலின் ஆழத்தில் இருக்கும் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். டாக்டர்கள் இதை டி.வி.டி என்பார்கள். வெளிநாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி-யின் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளில், அனுமதிக்கப்பட்ட 10,000 பேரில் சுமார் 17 பேருக்கு இது உறுதியானது.

மாத்திரை கட்டியைக் கரைக்குமா?

கரைக்காது. ஹெபாரின் ஊசியும் வார்ஃபரின், அசிட்ரோம், ரிவராக்சபான் போன்ற மாத்திரைகளும் கட்டி மேலும் வளராமல் தடுக்கும், அவ்வளவுதான். இருக்கும் கட்டியை உடம்புதான் மெல்ல மெல்லக் கரைக்கணும். அதனால்தான் குறைந்தது 3 மாதம் மருந்து. அதற்குள் சிரையின் வால்வுகள் கெட்டுப்போனால் வீக்கம், வலி, சில சமயம் ஆறாத புண் என வருஷக்கணக்கில் தொந்தரவு தொடரும்.

இதைத் தடுக்க பெரிய முயற்சிகள் நடந்துவிட்டன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக டாக்டர் சுரேஷ் வேதாந்தம் தலைமையில் 692 பேரிடம் நடந்த ‘அட்ராக்ட்’ ஆய்வு, 2017-ல் வெளியானது. குழாய் செலுத்தி கட்டியைக் கரைத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கும் பின்விளைவு வந்தது. தீவிரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் ரத்தக்கசிவு ஆபத்து கூடியது. இறுக்கமான காலுறையும் கனடா, அமெரிக்காவில் 806 பேரிடம் நடந்த ஆய்வில் பின்விளைவைத் தடுக்கவில்லை.

அப்போ சூடு எதுக்கு?

சூடு பட்டால் ரத்தக்குழாய் விரியும், ரத்த ஓட்டம் கூடும். அப்படி ஓட்டம் கூடினால் உடம்பின் கரைக்கும் வேலையும் வேகமெடுக்குமா என்பதுதான் கேள்வி. ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு சேர்த்துதான் இதைச் சோதிக்கிறார்கள். மருந்துக்குப் பதிலாக அல்ல.

சோதனையில் சூட்டுக்கும் நேரத்துக்கும் அளவு உண்டு. வீட்டு ஒத்தடத்தில் அது கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்கு கால் மரத்திருந்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. இன்னொன்று, நம்மூரில் ஒத்தடத்தோடு சேர்ந்தே வரும் எண்ணெய் உருவுதல். இதுதான் பெரிய ஆபத்து. அழுத்தித் தேய்க்கும்போது கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிரே போகலாம்.

கட்டி இருக்கா இல்லையா என்பது டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கு தனித்துறையே இருக்கிறது. கால் வீக்கத்தோடு திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கணும்.