பில்சன் விழாவும் பெரும்பாணாற்றுச் சாடியும்

நம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில், பனியன் வணிகத்தின் பொருட்டு ஐரோப்பா சென்று திரும்பிய அன்பர் ஒருவர், செக் நாட்டின் பில்சன் நகரில் தாம் கண்ட பியர் விழாவைப் பற்றிச் சொன்னார். முதியோரும் இளையோரும் குடும்பத்தோடு வந்து நீண்ட மேசைகளில் அமர்ந்து, ஊருக்கு ஊர் மாறுபடும் பியர் வகைகளைச் சிறு குவளைகளில் வாங்கிச் சுவைத்து, இது எவ்வூர்ச் சரக்கு, கசப்பு மிகுதியா குறைவா என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அவர் பேசி முடித்ததும் இளங்கவிஞர் ஒருவர் எழுந்து, "நமக்கென்று இப்படி ஒரு பானம் இருந்ததில்லையா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள், விடை சொன்னவர் எவருமில்லை. அந்த வினாவுக்குரிய விடையை வரலாற்றில் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

பில்சன் 1295இல் தோன்றிய நகரம். பியர் காய்ச்சும் உரிமை அங்கு நகரத்து வீட்டுடைமையாளர்களுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆயினும் சரக்கின் தரம் ஒரே சீராக இருந்ததில்லை. 1838இல் கெட்டுப்போன பியரை 36 பீப்பாய் அளவுக்கு நகர மன்றத்தின் முன்னே மக்கள் கொட்டிக் கவிழ்த்தனர் என்பர். அந்தச் சினத்தின் விளைவாக நகரத்தார் ஒன்றுகூடிப் பொதுவான காய்ச்சுசாலை ஒன்றை எழுப்பினர். பவேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட யோசப் கிரோல் என்பவர் 1842 அக்டோபர் 5 அன்று முதற்சரக்கைக் காய்ச்சினார். வெளிர் நிறமாக வாட்டிய பார்லி முளை, சாட்ஸ் வட்டாரத்து ஹாப் கொடியின் பூ, உப்புச் செறிவற்ற மென்னீர், குளிர்ந்த நிலவறை ஆகிய நான்கும் சேர்ந்து பொன்னிறமான தெளிந்த பியரைத் தந்தன. இன்று உலகில் விற்பனையாகும் பியரில் பெரும்பகுதி அதன் வழிவந்ததே. தம் ஊர்ச் சரக்குக் கெட்டதென்று வெகுண்ட மக்கள் அதனை ஒழிக்காமல் திருத்தினார்கள் என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

அந்நாட்டு எழுத்தாளர்களும் இப்பானத்திலிருந்து விலகி நின்றவர்கள் அல்லர். யாரொஸ்லாவ் ஹாஷெக்கின் சிப்பாய் ஷ்வெய்க், போர் முடிந்ததும் மாலை 6 மணிக்கு மதுக்கடையில் சந்திப்போம் என்று தோழனிடம் சொல்லிப் பிரிகிறான். பொகுமில் கிராபல் காய்ச்சுசாலை வளாகத்தில் வளர்ந்தவர், அவ்வாழ்வையே நாவலாக்கினார். அடக்குமுறைக்கு ஆளான நாடகாசிரியர் வாக்லாவ் ஹாவெல் 1974இல் காய்ச்சுசாலையொன்றில் பீப்பாய் உருட்டிப் பிழைத்தார். அந்த அனுபவத்திலிருந்து நாடகம் ஒன்று பிறந்தது. 1989இல் அவரே நாட்டின் தலைவரானார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். பியரின் உயிர்நாடி முளைகட்டிய தானியம். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுப்பொருளை இனிப்பாக்குகின்றன. இனிப்புப் புளித்து மதுவாகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் முறை விரித்துரைக்கப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்கி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்து அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். பார்லிக்கு மாற்றாக நெல்; ஹாப் பூ இல்லை. மற்றபடி தொழிலின் கருத்து ஒன்றே. கிரோல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே முளையின் ஆற்றலை அறிந்தவர்கள் நம் மண்ணில் வாழ்ந்தார்கள். இளங்கவிஞரின் வினாவுக்கு முதல் விடை இதுவே: இருந்தது.

இருந்ததற்குச் சொற்களும் சான்று. நறவு, தேறல், தோப்பி, அரியல், மட்டு, பிழி, வேரி என்று எத்தனை பெயர்கள்! தெளிந்தது தேறல், அரித்தெடுத்தது அரியல், பிழிந்தது பிழி. செய்முறையே பெயராயிற்று. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலைப் பேசுகிறது. அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்களில் கள்ளே கண்ணீராகிறது. சிறிதளவே கிடைத்தால் தனக்கென்று வைக்காமல் புலவர்க்கு ஈந்தவன், மிகுதியாகக் கிடைத்தால் அவர்களோடு பகிர்ந்து மகிழ்ந்தவன் என்று நினைந்து உருகுகிறார். நாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லின் முன் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை ஏற்பானோ என்று ஏங்குகிறார். தகடூர் நமக்கு அண்மையது. அந்தக் கலம் நம் வடக்கு எல்லையில் வார்க்கப்பட்ட கலம்.

அயல்நாட்டு மதுவும் அக்காலத்தே வந்திறங்கியது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். நம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், அந்த யவன வணிகப் பெருவழியில் அமைந்த தொழிலூர். மணிகளும் இரும்பும் அங்கே செய்யப்பட்டதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. இன்று பனியன் ஏற்றுமதி செய்யும் இதே மண், அன்று மணிகளை ஏற்றுமதி செய்தது.

ஆனால் நம் இலக்கியம் ஒருகுரல் இலக்கியமன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம், 93ஆம் அதிகாரம், வகுத்தார். பெற்ற தாயின் முன்னே கூட வெறுப்புத் தருவது சான்றோர் முன் எப்படியிருக்கும் என்று வினவினார். மணிமேகலையும் கள்ளை விலக்கச் சொல்லிற்று. ஔவையின் கலயமும் வள்ளுவரின் கண்டிப்பும் ஒரே மொழியின் இரு கண்கள். ஒன்றை மூடிக்கொண்டு மற்றொன்றால் மட்டும் பார்ப்பவர் வரலாற்றைப் பாதியே காண்பர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளின் இயல்பு மாறிற்று. 1886ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டம் மரத்துக்கு வரியும் கடைக்கு ஏலமும் என்ற முறையை உறுதிப்படுத்தியது. வீட்டிலும் தோப்பிலும் இருந்த பானம் கடைச் சரக்காகி, அரசின் கருவூலத்தை நிரப்பும் வருவாயாயிற்று. ஏழையின் கூலி அக்கடைகளில் கரைந்தது. எனவே 1921இல் அண்டை ஊராகிய ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் எழுந்தபோது அது வெறும் ஒழுக்கப் பேச்சாக இருக்கவில்லை; பசித்த வீடுகளின் கிளர்ச்சியாக இருந்தது. பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை தாங்கினர். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாய்க்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று.

பின்னர் நிகழ்ந்தவை பலர் நினைவில் உள்ளவை. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974க்குள் கள்ளும் சாராயமும் மீண்டும் மூடப்பட்டன, 1981இல் திறந்தன. 1983இல் அரசின் வாணிபக் கழகமாகிய டாஸ்மாக் தோன்றியது. 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மட்டும் கதவு அடைக்கப்பட்டது; ஆலைச் சரக்கு தொடர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். குடி ஒழியவில்லை, ஒழிந்தது நம் ஊர்ப் பானம் மட்டுமே. சம்பள நாளில் தையல் எந்திரத்தின் முன்னிருந்து எழுந்து செல்லும் தொழிலாளியின் கையில் இன்று இருப்பது பாளையின் சாறன்று. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நாகம்மையார் எதிர்த்து நின்ற துயரம் உருமாறி நிற்கிறதேயன்றித் தீரவில்லை.

பில்சன் பியர் உலகை வென்றதற்கும் நம் கள் ஊருக்குள் அடங்கியதற்கும் இயற்கையான காரணம் ஒன்றும் உண்டு. பியர் குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில் முதிர்வது. பீப்பாயில் பயணம் செய்வது. கள் ஒருநாள் வாழ்வுடையது. பாளை சீவிக் கலயம் கட்டிய கணத்திலேயே காற்றில் உலவும் நுண்ணுயிர் அதில் வேலையைத் தொடங்குகிறது. காலையில் இனித்தது மாலையில் புளிக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நின்று தெளுவாகிறது. கள்ளுக்கும் தெளுவுக்கும் இடையே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்பே. ஆலைக்கு அடங்காத இப்பொருளை அதிகாரத்தாலும் எளிதில் அளக்க முடியவில்லை.

கள்ளைத் திறக்கவேண்டும் என்று கொங்கு உழவர்கள் பல்லாண்டுகளாகக் கோருகின்றனர். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கேரளத்தில் அது உரிமம் பெற்ற தொழில். திறக்கக் கூடாது என்போர் பக்கத்திலும் தாய்மாரின் கண்ணீர் உண்டு. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் மரமேறும் கைகள் குறைந்துவருகின்றன. கைகளோடு அவர்தம் தொழிற்சொற்களும் போகின்றன. தேறலுக்கும் அரியலுக்கும் உள்ள வேறுபாட்டை இன்று நாம் உரையாசிரியரைக் கேட்டே அறிகிறோம். நாளை பாளைக்கும் கலயத்துக்கும் உரை எழுத வேண்டி வரலாம்.

கவிஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. குடியைப் போற்ற வேண்டா. குடியால் அழிந்த வீட்டை மறக்கவும் வேண்டா. தோப்பில் இன்னும் எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்று அவர் தொழிலின் சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். பில்சன் மக்கள் கெட்ட சரக்கைக் கொட்டிவிட்டுத் தொழிலைக் காத்தார்கள். நாம் தொழிலைக் கொட்டிவிட்டோம், சொல்லையாவது காப்போம்.