ஏழு எண்ணிக்கையும் ஒரு காவடியும்

இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். பிங்க் ஃப்ளாய்டோட 'மணி' பாட்டைப் போட்டு, காலால தாளம் தட்டிப் பாருங்க. நாலு நாலா எண்ணினா கொஞ்ச நேரத்துல கால் தடுக்கும். ஏன்னா அந்தப் பாட்டோட சுற்று ஏழு. கிட்டார் சோலோ வர்ற இடத்துலதான் அது நாலுக்கு மாறும்.

1973-ல வந்த பாட்டு அது. அந்தக் காலத்துல இங்கிலாந்துல இந்த மாதிரி இசைக்கு ப்ராக்ரெசிவ் ராக்னு பேர். நீளமான பாட்டு, நடுவுல மாறுற தாளம், ஒரே கதையா ஓடுற ஆல்பம். "புத்திசாலிகளோட ராக்"னு ஒரு பெருமையும் அதுக்கு உண்டு.

இப்போ அங்கிருந்து தென்காசி மாவட்டம் சிவகிரிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். இந்தப் பக்கத்து முருகன் கோவில்கள்ல பங்குனி உத்திரம் வந்தா காவடி, கூடவே நையாண்டி மேளம். நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி எல்லாம் சேர்ந்து அதிரும். தோள்ல பாரத்தோட நடக்கிறவங்களுக்காகவே பிறந்த பாட்டு வடிவம்தான் காவடிச் சிந்து.

அதுக்கு இலக்கிய உருவம் கொடுத்தவர் இதே வட்டாரத்துக்காரர்: சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்துல பிறந்த அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனப்போ, வழிநடையில பாடுறதுக்காக எழுதினதுன்னு சொல்லுவாங்க. 1891-ல அவர் இறந்தப்போ வயசு 26தான். கிட்டத்தட்ட நம்ம வயசு.

இதுல இசைக்கணக்கு எங்கே இருக்கு? பரவலா தெரிஞ்ச காவடிச் சிந்து மெட்டு மூணு மூணா துள்ளும். ஆனா சிந்துங்கிற பெரிய குடும்பத்துக்கு அது ஒண்ணுதான் நடைன்னு இல்லை. மும்மை, நான்மை, ஐம்மை, எழுமைன்னு நடைகளைப் பிரிச்சு இலக்கணம் எழுதியிருக்காங்க. அஞ்சும் ஏழும் நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

கர்நாடக இசையில மிஸ்ர சாப்பு இருக்கே, 'தகிட தகதிமி'ன்னு ஏழு எண்ணுவாங்களே, அந்தச் சாப்புத் தாளங்கள் முப்பத்தஞ்சு தாளப் பட்டியலுக்குள்ள வராது. நாட்டுப்புறத்துல இருந்து மேடைக்கு வந்தவைன்னு இசை ஆய்வாளர்கள் பலர் கருதுறாங்க.

இதே கதை துருக்கியிலயும் இருக்கு. அங்கே ஒன்பது எண்ணிக்கையை இரண்டு, இரண்டு, இரண்டு, மூணுன்னு சமமில்லாம பிரிப்பாங்க. இந்த மாதிரி தாளங்களுக்கு 'அக்சாக்'னு பேர். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நொண்டுறது! நம்மகிட்டயும் நொண்டிச் சிந்து இருக்கு. பாரதியார் 'நெஞ்சு பொறுக்குதிலையே' எழுதின வடிவம் அது. ரெண்டும் ஒரே தாளம்னு சொல்ல வரலை. நொண்டி நாடகத்துல கால் போன ஒருத்தன் பாடுற பாட்டா இருந்ததால நம்ம சிந்துக்கு அந்தப் பேர். ஆனா ரெண்டு ஊர்லயும் பாட்டுக்குப் பேர் கால்ல இருந்துதான் வந்திருக்கு.

துருக்கி இளைஞர்கள் அதை வெட்கப்பட்டு ஒதுக்கலை. பாரிஷ் மான்சோ, எர்கின் கோராய் மாதிரி ஆட்கள் ஊர் மெட்டையும் தாளத்தையும் எலெக்ட்ரிக் கிட்டாரோட சேர்த்தாங்க. அதுதான் அனடோலியன் ராக். மான்சோவோட 1975 ஆல்பம் '2023' முழு ப்ராக் ராக். இங்கிலாந்துலயும் ஜெத்ரோ டல் 1977-ல கிராமியப் பாட்டுகளோட சாயல்ல 'சாங்ஸ் ஃப்ரம் த வுட்' கொடுத்தாங்க.

நம்ம ஊர்ல இதுக்குப் பக்கத்துல வர்றவர் இளையராஜா. அவர் ராக் பேண்ட் நடத்தலைதான். ஆனா வந்த பாதையைப் பாருங்க. இதே மலைத்தொடரோட அடிவாரத்துல பண்ணைப்புரம். அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊரா மேடைக் கச்சேரி. அப்புறம்தான் சென்னையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை. 1976-ல 'அன்னக்கிளி'. பத்து வருஷம் கழிச்சு 1986-ல 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜரையும் பாக்கையும் ஒரே அறையில உட்கார வைச்ச ஆல்பம். அதுல உறுமியைத் தேடினா கிடைக்காது. ஆனா எந்த இசைக்கும் வேலி கிடையாதுங்கிற தைரியம், எல்லா விதமான கூட்டத்துக்கும் முன்னால வாசிச்ச ஒருத்தருக்குத்தான் வரும்னு எனக்குத் தோணுது. தலைப்பே ஒரு கேள்வி: இதுக்கு என்ன பேர் வைக்கிறது?

அந்தக் கேள்விதான் இந்த எபிசோடோட மையம். லண்டன்ல ஏழு எண்ணினா 'ப்ராக்ரெசிவ்'. சபாவுல எண்ணினா 'சாஸ்திரியம்'. தெருவுல எண்ணினா மட்டும் 'குத்து'. பேர் மாறினா சம்பளம் மாறுது, மேடை மாறுது, கலைஞருக்குக் கிடைக்கிற மரியாதையும் மாறுது.

2003-ல பெங்களூருல தொடங்கின 'அகம்' பேண்ட் கர்நாடக இசையையும் ப்ராக் ராக்கையும் அழகா சேர்த்தாங்க. அது சபா வழியா போற பாதை. தெரு வழியா போற பாதையில இன்னும் நிறைய இடம் காலியா இருக்கு. அதுல போறவங்க உறுமியை முதல் பத்து செகண்டுக்கு மட்டும் சாம்பிளா ஒட்டிட்டு நாலு நாலா வாசிச்சா, அது வெறும் அலங்காரம். பாட்டோட எலும்பே அந்த எண்ணிக்கையா இருக்கணும்.

ஒரு வித்தியாசம் மட்டும் மறக்கக்கூடாது. ப்ராக் ராக்கோட ஏழு, உட்கார்ந்து கேட்கிறவரை யோசிக்க வைக்கிறதுக்கு. சிந்தோட கணக்கு, பாரம் சுமக்கிறவரை நடக்க வைக்கிறதுக்கு. கஷ்டமான கணக்கையும் கால் வலிக்காத மாதிரி கொடுக்கிறது சின்ன வித்தை இல்லை.

அடுத்த தடவை ஊர்த் திருவிழாவுல மேளம் வந்தா, போனை எடுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எண்ணிப் பாருங்க. முடிஞ்சா, வாசிக்கிற அண்ணன்கிட்ட அந்த அடிக்கு என்ன பேர்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.