பல் துலக்கிய நாய்களும் பல் துலக்காத நாய்களும்

 

உங்க வீட்டு நாய் கொட்டாவி விடும்போது ஒரு வாடை வருதா? பூனை முகத்துக்கிட்ட வந்து உரசும்போது மூக்கைத் திருப்பிக்கிறீங்களா?

"நாய்னா வாய் நாறத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். அது பெரும்பாலும் நாயின் வாடை இல்லீங்க. ஈறு நோயின் வாடை. மனிதனுக்கு வருகிற அதே நோய்.

நான் மனிதர்களைப் பார்க்கும் அரசு மருத்துவர். கால்நடை மருத்துவர் அல்ல. பிறகு நான் ஏன் இதை எழுதுறேன்?

இன்று உங்களிடம் "ரெண்டு வேளை பல் துலக்குங்க, இல்லன்னா எலும்பு கரைஞ்சு பல் ஆடும்" என்று ஒரு மருத்துவர் அடித்துச் சொல்கிறார் அல்லவா? அந்த உறுதி நாய்களின் வாயிலிருந்து வந்தது. அந்த வரலாறுதான் இந்த இழை.

முதலில் ஒரு பழமொழி. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே." சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார். எதுக்கு? வயசு தெரிய. விலை பேச. குதிரைக்கும் இதே கதைதான். உலகம் முழுக்க மனிதன் விலங்கின் வாயைத் திறந்து பார்த்தது பெரும்பாலும் இதுக்காகத்தான். உழைக்கிற விலங்குக்கு மட்டுமே அந்தப் பார்வையும் கிடைத்தது. வாசலில் கிடந்த நாயின் வாயை யாரும் பார்க்கவில்லை. பூனையைச் சொல்லவே வேண்டாம்.

இப்ப 1683க்குப் போவோம். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்ற ஊர். லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி. கண்ணாடியைத் தானே தேய்த்து நுண்ணோக்கி செய்தவர். தினமும் உப்பு போட்டுப் பல் துலக்குகிற, சுத்தமான மனிதர். இருந்தும் பல் இடுக்கில் மாவு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டி குட்டி உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வாயில் வாழும் பாக்டீரியாவை மனிதன் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அந்த வெள்ளைப் படிவத்துக்கு இன்றைய பெயர் ப்ளேக். அது கெட்டியானால் காரை.

சரி, கிருமியைப் பார்த்தாச்சு. அதுதான் ஈறு நோய்க்குக் காரணம் என்று உடனே ஒத்துக்கொண்டார்களா? இல்லை. அதுக்கு இன்னும் கிட்டத்தட்ட 300 வருஷம் ஆச்சு.

"வயசானால் பல் ஆடும்", "சத்துக்குறைவு", "உடல்வாகு", "பரம்பரை" என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அழுக்கான வாயில் ஈறு நோய் அதிகம் என்று கணக்கெடுப்புகள் காட்டின. ஆனால் ரெண்டும் சேர்ந்து இருக்கு என்பது வேறு. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்பது வேறு. மருத்துவத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

1965. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரம். ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரப் பல் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். ஈறு நன்றாக இருந்த 12 பேர். பெரும்பாலும் முதலாம் ஆண்டு பல் மருத்துவ மாணவர்கள். அவர்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பல் துலக்காதீங்க."

10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்குமே ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கச் சொன்னார். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழையபடி ஆகிவிட்டது. மருந்து இல்லை, ஊசி இல்லை.

பரம்பரை பாதி, வயசு பாதி என்று பேசிக்கொண்டிருந்த உலகத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ஈறு வீக்கம் திரும்பிச் சரியாகிவிடும். அதை அப்படியே விட்டால்? பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையுமா? கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. "நாலு வருஷம் பல் துலக்காம இருங்க, எலும்பு கரையுதான்னு பார்க்கிறேன்" என்று ஒரு மாணவனிடம் எந்த மருத்துவரும் கேட்க முடியாது.

இங்கேதான் நாய் வருது.

குறிப்பாக பீகிள் நாய். நடுத்தர உயரம், தொங்கும் காது, சாது. மனிதனைப் போலவே இயல்பாக ஈறு நோய் வரும். எல்லாத்துக்கும் மேல, வாயைத் திறந்தால் கடிக்காது. அந்த நல்ல குணமே அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது.

அதே 1965இல் ஸ்வீடனில் எகல்பெர்க் என்ற ஆய்வாளர் நாய்களுக்குக் குழாய் வழியே நேராக வயிற்றுக்குள் உணவு கொடுத்துப் பார்த்தார். வாயில் ஒரு பருக்கை கூடப் படவில்லை. அப்படியும் பல்லில் ப்ளேக் படிந்தது. அதாவது சாப்பாடு ஒட்டினால்தான் அழுக்கு என்று இல்லை. எச்சிலும் கிருமியுமே போதும். "எங்க நாய் இனிப்பே சாப்பிடாது டாக்டர்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

1975. ஸ்வீடனைச் சேர்ந்த லிண்டே, ஹாம்ப் இருவரும் ஹரால்ட் லோவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. 20 பீகிள் நாய்கள். 10 நாய்களுக்கு தினமும் பல் துலக்கிவிட்டார்கள். 10 நாய்களுக்குத் துலக்கவில்லை. இப்படியே 4 வருஷம்.

துலக்கிய நாய்களுக்கு ஈறு கடைசி வரை ஆரோக்கியமாக இருந்தது. துலக்காத நாய்களுக்கு ஈறு வீங்கியது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பு கரைந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். திசுக்களை வெட்டி நுண்ணோக்கியில் அளந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த கேள்வி: இதே விஷயம் மனிதனின் வாழ்நாளில் எப்படிப் போகும்? பல் துலக்கும் பழக்கமே இல்லாத, பல் மருத்துவரையே பார்க்காத மனிதர்கள் வேண்டும். எங்கே தேடினார்கள் தெரியுமா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில்.

1970இல் 480 இளம் ஆண் தொழிலாளர்களின் பற்களை லோவின் குழு பரிசோதித்தது. நம் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து கூலிகளாகக் கூட்டிப்போனவர்களின் வாரிசுகள். 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகம். 1985 வரை அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நார்வேயில் ஆஸ்லோ நகரத்துப் படித்த இளைஞர்கள் ஒரு குழு.

1986இல் முடிவு வந்தது. தோட்டத் தொழிலாளர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது. 45 வயதுக்குள் அவர்கள் பற்கள் அனைத்தையும் இழந்திருந்தார்கள். 81 சதவீதம் பேருக்கு மிதமாகப் போனது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. இன்னொன்று, அவர்களுக்குச் சொத்தைப்பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விழுந்த பற்கள் ஈறு நோயால் விழுந்தவை.

உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் இந்த ஆய்வைப் படிக்கிறார்கள். "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்" என்றுதான் பாடத்தில் இருக்கும்.

ஒரு நிமிஷம் நில்லுங்க. யார் மனிதன், யார் விலங்கு என்று நான் ஒப்பிடலை. தோட்டத்தில் யாரையும் துலக்க வேண்டாம் என்று தடுக்கவில்லை, அங்கே நடந்ததைப் பதிவு செய்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிங்க. அவர்களுக்குப் பல் மருத்துவ வசதி எட்டவில்லை என்பதே அவர்கள் அந்த ஆய்வுக்குப் பொருத்தமானவர்களாக இருந்ததற்குக் காரணம். அறிவு ஓர் இடத்தில் விளைகிறது, பலன் இன்னோர் இடத்துக்குப் போகிறது. மருத்துவ வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும். பிறந்த இடத்துக்கு அந்த அறிவு திரும்பி வந்ததா என்று கேட்பது நம் கடமை.

இப்ப ஆயிரக்கணக்கில் செலவு செய்து கட்டுகிறோமே பல் இம்ப்ளான்ட், அதுவும் அப்படித்தான். ஸ்வீடனின் பிரோனமார்க் குழு 1969இல் வெளியிட்ட முதல் கட்ட ஆய்வு, நாய்களின் தாடையில் டைட்டானியம் பொருத்திப் பார்த்தது.

சரி, நாய்க்கு என்ன திரும்பக் கிடைத்தது?

மெதுவாகக் கிடைத்தது. 1976இல் அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவ சங்கம் தொடங்கினார்கள். 1988இல் அது தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. 1997இல் வி.ஓ.எச்.சி என்ற குழு வந்தது. நாய், பூனைக்கான உணவும் மெல்லும் பொருளும் உண்மையிலேயே ப்ளேக்கையும் காரையையும் குறைக்குதா என்று ஆய்வு முடிவுகளைப் பார்த்து முத்திரை தருவது இதன் வேலை. கடையில் "பல்லைச் சுத்தமாக்கும்" என்று அட்டையில் போட்டிருக்கும் எல்லாமே சுத்தமாக்காது. அந்த முத்திரை இருக்கான்னு பாருங்க.

1975 ஆய்வு மனிதனுக்காகச் செய்தது. ஆனால் அது நாயைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது. தினமும் துலக்கினால் நாய்க்கு ஈறு நோய் வராமல் காக்க முடியும். 50 வருஷமாக இந்த உண்மை நம் கையில் இருக்கு. எத்தனை வீட்டில் நாய்க்கு பிரஷ் இருக்கு?

இனி கொஞ்சம் நடைமுறை.

வளர்ந்த நாய்க்கு 42 பல். பூனைக்கு 30. நாயின் எச்சில் நம்முடையதை விடக் காரத்தன்மை கொண்டது. அதனால் சொத்தை குறைவு. அதே காரணத்தால் ப்ளேக் சீக்கிரம் கெட்டியாகிக் காரையாகும். கடைவாய்ப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாக ஓடு மாதிரி ஒட்டியிருக்கும் பாருங்க, அதுதான்.

காரையான பிறகு பிரஷ்ஷுக்கு வராது. காரை ஆகும் முன்னால் துடைப்பதுதான் தினசரி துலக்கலின் வேலை.

எப்படி ஆரம்பிப்பது? முதல் சில நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுடுங்க. அடுத்து விரலில் ஈரத்துணி சுற்றி வெளிப்பக்கத்தை மட்டும் தேயுங்க. பழகியதும் மிருதுவான பிரஷ். குட்டியிலேயே தொடங்கினால் சுலபம்.

நம்ம பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதுங்களுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிடும். ஃப்ளூரைடு ஆகாது. சில பேஸ்ட்களில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நாய்க்கு அது சர்க்கரையை மளமளவென இறக்கி, கல்லீரலையும் பாதித்து உயிரையே எடுக்கும். விலங்குகளுக்கான பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது. இல்லன்னா வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷே போதும்.

"எலும்பு கடிச்சா பல் சுத்தமாயிடும்" என்பார்கள். கெட்டியான எலும்பு கடைவாய்ப் பல்லை உடைக்கும். வேகவைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். உங்க நகம் பதியாத அளவுக்குக் கெட்டியான எதுவும் நாயின் பல்லுக்கும் கெட்டிதான்.

பூனைக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பல் தானாகவே கரையும். கடுமையான வலி. ஆனால் பூனை கத்தாது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வரும், முகரும், போயிடும். வாயின் ஒரு பக்கமாக மெல்லும், கீழே சிந்தும், எச்சில் வடியும். "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுடாதீங்க. எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், துலக்கினால் சரியாகாது.

காரை எடுக்க மயக்க மருந்து தேவை. "மயக்கம் கொடுக்காமலே சுரண்டித் தர்றோம்" என்கிறவர்களிடம் போகாதீங்க. நோய் இருப்பது ஈறுக்கு அடியில். மேலே பளபளப்பாக்கினால் உங்களுக்குத் திருப்தி, நோய் அப்படியே இருக்கும். கால்நடை மருத்துவரிடமே போங்க.

மனித மருத்துவனாக ரெண்டு வார்த்தை.

"நாய் நக்கினால் புண் ஆறும்" என்பது பொய். நாயின் வாயில் கேப்னோசைட்டோஃபேகா கேனிமார்சஸ் என்ற கிருமி இயல்பாகவே இருக்கும். மண்ணீரல் எடுத்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு அது ரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கலாம்.

ரேபிஸ் தடுப்பூசி போடாத நாயின் வாயில் கையை வைக்காதீங்க. துலக்கும்போது பல் பட்டுக் கீறினாலும், புண்ணில் எச்சில் பட்டாலும், 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்க. உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. தடுப்பூசி இலவசம். வீட்டு நாய்தானே என்று தள்ளிப் போடாதீங்க.

கடைசியாக ஒன்று.

சர்க்கரை நோயாளிகளிடம் நான் ஈறைக் காட்டச் சொல்வேன். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது. இதை உங்களுக்குச் சொல்லும்போது அதற்குப் பின்னால் ஆர்ஹஸ் மாணவர்கள் 12 பேர் இருக்கிறார்கள். மலையகத்தில் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே வாயைத் திறந்து காட்டிய 480 பேர் இருக்கிறார்கள். கடிக்கத் தெரியாத 20 நாய்களும் இருக்கு.

அந்த 20இல் துலக்கிவிட்டது 10க்குத்தான். உங்க வீட்டு நாய் எந்தப் பத்தில் இருக்கணும் என்று நீங்கதான் முடிவு பண்ணணும். இன்னைக்கு ராத்திரி உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால் இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்க.

அப்படியே கண்ணாடியில் உங்க ஈறையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

 வீட்டில் செல்லம் வளர்க்கும் நண்பர்களுக்குப் பகிருங்க.