ஓட்டல் நடத்திய தம்பதிகள்: பிரான்ஸின் சின்ன விடுதிகளுக்கு ஒரு குட்டி வரலாறு

நம்ம ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி, பொங்கல், காபி. ராத்தங்க வேண்டுமானால் அது லாட்ஜ். பிரெஞ்சுக்காரர்களுக்கு ‘ஓத்தெல்’ என்ற சொல்லில் இன்னும் பெரிய குழப்பம் உண்டு. பிரபுக்கள் நகரத்தில் வைத்திருந்த மாளிகைக்கு அதுதான் பெயர். நகராட்சி அலுவலகம் ‘ஓத்தெல் த வீல்’. பழைய தர்ம ஆஸ்பத்திரி ‘ஓத்தெல் தியூ’. பலகையில் ஓத்தெல் என்று பார்த்துவிட்டுப் பெட்டியோடு உள்ளே போனால், பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற கவுன்ட்டரில் போய் நிற்க வேண்டியிருக்கும் :-)

காமர்ஸ் படித்து வங்கியில் பேரேடு புரட்டுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். கொசுவத்தி அதிகம் சுற்றாமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணம் நடந்தது மார்ச் கடைசியில். வங்கிக்காரனுக்கு மார்ச் கடைசி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். நாலாம் நாள் கிளையில் ஆஜர். தேனிலவு அடுத்த காலாண்டுக்கு கேரி ஃபார்வர்டு ஆனது. அப்படியே இருபது வருஷம், ஒன்பது ஊர் மாற்றல். இப்போது நாக்பூர். இந்த வருஷம் அந்தக் கணக்கை முடித்தே தீருவது என்று செப்டம்பரில் எட்டு ராத்திரிக்கு பிரான்ஸ் போகத் திட்டம். தங்கமணி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஏங்க, நம்மள ரூம் நம்பர் சொல்லிக் கூப்பிடாத இடமாப் பாருங்க."

அந்த மாதிரி இடம் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் குதிரை. பிரான்ஸில் அரசாங்கத் தபால் எடுத்துப்போகும் குதிரைகளை மாற்ற, நெடுஞ்சாலைகளில் வரிசையாக நிலையங்கள் இருந்தன. அதற்கு ‘ரலே’ என்று பெயர். குதிரை மாறும் இடத்தில் மனிதனுக்கும் பசிக்கும். பக்கத்தில் ஒரு சத்திரம், சூப்பு, படுக்கை. சில நூறு வருஷம் ஓடிய ஏற்பாடு இது. ரயில் வந்ததும் நெடுஞ்சாலை காலியானது. 1873-ல் தபால் குதிரை முறையையே அரசு ஒழித்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரே புது ஓட்டல்கள் முளைத்தன. சாலையோரச் சத்திரங்கள் தூசி படிந்து உட்கார்ந்தன.

அவற்றை மறுபடி எழுப்பிவிட்டது சைக்கிள். ஆமாம், சைக்கிள்தான். 1890-ல் சைக்கிள் பிரியர்கள் சேர்ந்து ‘டூரிங் கிளப் த பிரான்ஸ்’ ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக மிதித்துப் போனவர்கள் கண்டது என்ன? கனத்த திரைச்சீலை, அழுக்குக் கம்பளம், மூட்டைப்பூச்சி, சொல்லவே கூசும் கழிப்பறை. சங்கம் சும்மா புலம்பவில்லை. சுவர் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், வெளிச்சம் வர வேண்டும், தூசி தங்கும் துணி கூடாது என்று விதிகள் வகுத்தது. 1900 பாரீஸ் உலகக் கண்காட்சியில் மாதிரி அறை ஒன்றையே கட்டிக் காட்டியது. இன்று நாம் ‘கிராமத்து அழகு’ என்று போட்டோ எடுக்கிற வெள்ளைச் சுவர் அறைக்குப் பின்னால் இப்படி ஒரு சுகாதாரப் போராட்டம் இருக்கிறது.

அதே 1900-ல் மிஷெலின் சகோதரர்கள் தங்கள் சிவப்பு வழிகாட்டியை 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது பிரான்ஸ் முழுக்க ஓடியதே சில ஆயிரம் கார்கள்தான். ஆள் ஊர் சுற்றினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் விற்கும். அக்மார்க் வியாபார மூளை. 1920-லிருந்து அதற்கு விலை வைத்தார்கள். 1926-ல் சாப்பாட்டுக்கு நட்சத்திரம் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். மிஷெலின் நட்சத்திரம் சமையலுக்கு மட்டும். ஓட்டல் வாசலில் தொங்கும் நட்சத்திரம் வேறு கணக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

என்னைப் போன்ற ஆசாமிக்குப் பிடித்த செய்தி 1923-ல் இருக்கிறது. ஓட்டல்காரர்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே அந்த வருஷம் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். குளியலறை கட்ட, சூடு தரும் குழாய் போட, சமையலறையைப் புதுப்பிக்க நீண்ட காலக் கடன். வாழையடி வாழையாக அது வேறு நிறுவனங்களோடு இணைந்து, இன்றைய பிரான்ஸின் பொதுத்துறை முதலீட்டு வங்கிக்கு முன்னோர்களில் ஒன்றானது. ரொமான்டிக் ஓட்டல் என்றால் மெழுகுவத்தி, ரோஜாப்பூ என்று நினைக்கிறோம். அதற்கு அடியில் ஒரு கடன் பத்திரமும் தவணை அட்டவணையும் உண்டு என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

இனி தலைப்பில் சொன்ன தம்பதிகள்.

முதல் ஜோடி ஆனெத், விக்தோர் பூலார். கடலுக்கு நடுவே பாறை மேல் நிற்கும் மோன் சான் மிஷெல் மடாலயத்தைப் புதுப்பிக்க வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் வீட்டில் பணிப்பெண்ணாக வந்தவர் ஆனெத். உள்ளூர்ப் பையன் விக்தோரை 1873-ல் மணந்தார். 1888-ல் இருவரும் தங்கள் விடுதியைத் திறந்தார்கள். கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் அந்தப் பாறைக்கு ஆள் வர முடியும். 1879-ல் கரைப்பாதை போட்ட பிறகும் யார், எந்த நேரத்தில், எத்தனை பேர் வருவார்கள் என்பது நிச்சயமில்லை. வந்தவர்களை ‘கொஞ்சம் இருங்க’ என்று சொல்லாமல் உடனே கவனிக்க அந்த அம்மா கண்ட வழி ஆம்லெட். நீளக் கைப்பிடி வாணலி, விறகுத் தீ, நுரைக்க நுரைக்க அடித்த முட்டை. இன்று அந்தப் பெயர் பிஸ்கட் டின் வரைக்கும் வந்துவிட்டது, விலையும் அதற்கேற்ப. ஆரம்பித்தது என்னவோ வேளைகெட்ட வேளையில் கதவைத் தட்டும் விருந்தாளிக்காக.

இரண்டாவது ஜோடி போல் ரூ, அவர் மனைவி பாப்டிஸ்டின். தெற்கே, நீஸ் நகருக்கு மேலே குன்றில் இருக்கும் சான் போல் த வான்ஸ் கிராமம். 1920-ல் ஒரு சின்ன காபிக் கடையாக ஆரம்பித்தது, சில வருஷத்தில் மூன்று அறை விடுதி ஆனது. பெயர் ‘லா கொலோம்ப் தோர்’, தங்கப் புறா. அந்த வெளிச்சத்துக்காக ஓவியர்கள் தெற்கே வந்துகொண்டிருந்த காலம். ரூவுக்கு ஓவியப் பைத்தியம். சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் பதிலாகப் படம் வாங்கிக்கொள்வார், காசு கொடுத்தும் வாங்குவார். பிக்காசோ, மத்தீஸ், ப்ராக், லேஜே என்று சுவர் நிறைந்தது. கடனுக்கு ஈடாகக் கேன்வாஸ் வாங்கியிருந்தால் எங்கள் ஆடிட்டர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா? :-) பாடகர் ஈவ் மோந்தானும் நடிகை சிமோன் சின்யோரேவும் 1949-ல் சந்தித்தது இங்கேதான். 1951-ல் அதே ஊரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். விடுதி இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. அறைகள் சுமார் 25.

மூன்றாவது ஜோடிக்குப் போகுமுன் நடுவில் ஒரு சட்டம். 1936 ஜூனில் லியோன் ப்ளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. ரயிலில் 40 சதவீதம் தள்ளுபடி டிக்கெட் வேறு. அந்தக் கோடையின் அடையாளமாக இன்றும் புத்தகங்களில் வரும் போட்டோ எது தெரியுமா? இரட்டை சைக்கிளில் போகும் இளம் ஜோடி. அதுவரை காதல் பயணம் என்பது வசதியானவர்கள் சமாச்சாரம். சம்பளம் வெட்டாத விடுப்பு கிடைத்த பிறகுதான் ஆலைத் தொழிலாளியும் மனைவியை முன்னால் வைத்து மிதிக்க முடிந்தது. மூன்றாவது வாரம் 1956-ல், நான்காவது 1969-ல், ஐந்தாவது 1982-ல். சின்ன விடுதிகளின் பொற்காலம் இந்த விடுப்புகளின் மேல் கட்டியது.

அந்த வெள்ளம் தெற்கே போன வழி நேஷனல் 7. பாரீஸிலிருந்து இத்தாலி எல்லை வரை கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். அந்த வழியில் ரோன் நதிக்கரையில் பே என்ற சிற்றூரில் ‘லா கார்தினால்’ என்ற விடுதி. நடத்தியவர்கள் மார்செல், நெல்லி தில்லோய். இருவரும் மேடைக் கலைஞர்களாக இருந்தவர்கள். 1954-ல் பாரீஸுக்கும் நீஸுக்கும் நடுவே இருந்த எட்டு விடுதிகளைச் சேர்த்து ‘மகிழ்ச்சிப் பாதை’ என்று விளம்பரம் செய்தார்கள். இங்கே ஒரு நாள், அடுத்த நாள் அடுத்த விடுதி. பழைய குதிரை நிலையத்தின் அதே கணக்கு! அதுதான் பிறகு வளர்ந்து ‘ரலே எ ஷாத்தோ’ என்ற உலகச் சங்கம் ஆனது. பெயரில் அந்த ‘ரலே’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அதில் தங்குவதற்கு என் கிரேடு போதாது, தனிக் கதை.

என் கிரேடுக்கு ஏற்றது ‘லோஜி’. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருஷத்தில், 1940-களின் கடைசியில், கிராமப்புறக் குடும்ப விடுதிகளைக் காப்பாற்ற உருவான சங்கம். பச்சை மஞ்சளில் ஒரு கணப்பு அடுப்புச் சின்னம். அநேகமாக வீட்டுக்காரரே சமையல்காரர், வீட்டுக்காரம்மா வரவேற்பில்.

இந்த உலகத்துக்கு அடி விழுந்தது எப்போது? 1967-ல் லில் விமான நிலையம் அருகே முதல் நோவோடெல் திறந்தது. 1970-ல் பாரீஸிலிருந்து மார்செய் வரை விரைவுச்சாலை முழுமையானது. நேஷனல் 7-ல் நிற்க ஆளில்லை. 1974-ல் இபிஸ், 1985-ல் ஆளே அதிகம் தேவைப்படாத ஃபார்முல் 1. எங்கே தங்கினாலும் ஒரே அறை, ஒரே சோப்பு. ஆய்வுக்கு வெளியூர் போனால் நானும் அதைத்தான் எடுப்பேன், அதில் குறை ஒன்றுமில்லை. பிறகு தீப்பாதுகாப்பு விதிகள், மாற்றுத்திறனாளிகளுக்கான 2005 சட்டம். நியாயமானவைதான். ஆனால் பத்து அறை வைத்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுத் தம்பதிக்கு லிஃப்ட் செலவைப் போட்டுப் பார்த்தால் திருப்பிக் கட்டும் காலம் ஓய்வு வயதைத் தாண்டிப் போகும். பிள்ளைகள் நகரத்தில் வேலை. கதவைச் சாத்திவிடுகிறார்கள். இந்தக் கணக்கை நான் இங்கேயும் பல கோப்புகளில் பார்த்திருக்கிறேன், ஊரும் மொழியும்தான் வேறு.

இதையெல்லாம் படித்துத் தங்கமணிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆம்லெட் கதை முடிந்ததும் அவள் கேட்டாள்: "அந்தம்மா எப்பங்க லீவு எடுத்தாங்க?"

யோசித்துப் பார்த்தால், இந்த வரலாற்றின் கேள்வியே அதுதான். ஒரு ஜோடி ஓய்வாக உட்கார இன்னொரு ஜோடி காலை ஐந்துக்கு எழுந்திருக்கிறது. 1936-ல் தொழிலாளிக்கு விடுப்பு வந்தது. சொந்த விடுதி நடத்துகிற மனைவிக்கு எந்தச் சட்டமும் விடுப்பு கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டால்தான் உண்டு. சின்ன விடுதிகளைப் பற்றிப் பயணிகள் அலுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு: ஞாயிறு இரவும் திங்களும் பெரும்பாலும் சாப்பாடு கிடையாது, மத்தியானம் வரவேற்பில் ஆள் இருக்காது. ‘சேவைக் குறைபாடு’ என்று நானும் அதைக் கழித்துக் கட்டப் பார்த்தேன். அவளோ அந்த மாதிரி இடத்தையே எடுக்கச் சொல்லிவிட்டாள். வாரத்தில் ஒரு நாளாவது அடுப்பை அணைக்கிற வீட்டில்தான் மற்ற நாள் மனசோடு சமைப்பார்களாம். இருபது வருஷ அனுபவஸ்தி சொன்னால் மேல்முறையீடு ஏது?

எங்களைப் போல் தேடுகிறவர்களுக்கு நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009 சட்டத்துக்குப் பிறகு அங்கே ஓட்டல் நட்சத்திரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அறையின் பரப்பு, வசதி, பணியாளர் பேசும் மொழி என்று புள்ளி போடுகிறார்கள். ஜன்னல் வழியே தெரியும் திராட்சைத் தோட்டத்துக்கு அதில் புள்ளி இல்லை. அதனால் இரண்டு நட்சத்திரம் என்று ஒதுக்காதீர்கள். ‘ஷாம்ப்ர் தோத்’ என்றால் வீட்டிலேயே அறை, அதிகபட்சம் ஐந்து அறை, பதினைந்து பேர், காலை உணவு சேர்த்தி. 2015 மாக்ரோன் சட்டப்படி, முன்பதிவுத் தளத்தில் போட்ட விலையைவிட ஓட்டல்காரர் நேரடியாகக் குறைத்துக் கொடுக்கத் தடை இல்லை. ஆகவே அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள், தரகு மிச்சம் அவர்களுக்கு, கொஞ்சம் நமக்கு. அறை கேட்கும்போது ஒரே பெரிய கட்டில் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு ஒற்றைக் கட்டில் கிடைக்கலாம். இருபது வருஷம் காத்திருந்துவிட்டு அது ரொம்ப அநியாயம் :-)

எங்கள் முடிவு: பாரீஸில் இரண்டு, பர்கண்டியில் மூன்று, ரோன் நதிப்பக்கம் மூன்று. பர்கண்டிக்காரம்மா என் கடிதத்துக்கு நாலு வரி பதில் போட்டிருந்தார். நடுவில் ஞாயிறு வருகிறது, அன்று ராத்திரி சமையலறை மூடியிருக்கும், மன்னிக்கவும் என்று. மன்னிப்பெல்லாம் வேண்டாம், ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொள்கிறோம் என்று தங்கமணியே பதில் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். கீழே இரண்டு பேர் பெயரும் போட்டு.