காதணியும் பதக்கமும்

அந்தமானுக்கு விமானத்தில் செல்லும் தமிழர் முதன்முதலாக அடிவைக்கும் மண்ணுக்கு லம்பா லைன் என்று பெயர். 'லம்பா' என்ற இந்திச் சொல்லுக்கு 'நீண்ட' என்பது பொருள். போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பெற்ற நகரின் ஒரு பகுதி அது. அங்கே நீண்டு கிடக்கும் ஓடுபாதையில் இறங்குவோர் பெட்டியைத் தேடுவதிலும் வண்டியைப் பிடிப்பதிலும் முனைந்துவிடுகின்றனர். அந்த மண்ணின் வரலாற்றைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. ஆயின், கொடை என்பது யாது, கொடுத்த இளைஞரை எவ்வாறு போற்றுதல் தகும் என்ற வினாக்களுக்கு விடை தேடுவோர் அவ்விடத்திலிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் உலகப் பெரும்போரின்போது, 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. லம்பா லைனில் விமானத்தளம் அமைக்கும் பணியில் தீவு மக்கள் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். அந்தத் தளத்தில் 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வந்திறங்கினார். மறுநாள் நகரின் ஜிம்கானா மைதானத்தில் மூவண்ணக் கொடி ஏற்றினார். தமிழரான ஆற்காடு துரைசாமி லோகநாதன் தீவுகளின் தலைமை ஆணையராக நியமிக்கப்பெற்றார். நாடு விடுதலை பெறுவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்த செய்தி இது.

நேதாஜியின் தற்காலிக அரசாங்கம் 1943 அக்டோபர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் அமைந்தது. அதற்கு வரி தரும் நாடு இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் வாழ்ந்த இந்தியர் தம் கையால் கொடுத்ததே அதன் கருவூலம். அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள் சிங்கப்பூரில் கூடிய பெருந்திரளின் முன் நின்று, மூன்று லட்சம் வீரர்களும் மூன்று கோடி வெள்ளியும் வேண்டும் என்று நேதாஜி கேட்டார். கேட்டவர் கையில் படை பலமோ பண பலமோ அதிகமில்லை. கேட்கப்பட்டவர்களும் பெரும்பாலும் செல்வர் அல்லர்.

மலேயாவில் அன்று வாழ்ந்த இந்தியருள் மிகப் பலர் தமிழர். அவருள்ளும் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்தவர்கள். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று கூலி குறைந்தது; அரிசி அருகியது. சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப்பாதை அமைப்பதற்காகப் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளரை ஜப்பானியர் கொண்டுசென்றனர். அக்காட்டில் காய்ச்சலும் பேதியும் பசியும் தாக்க, திரும்பாமற்போனவர் தொகை பெரிது. இத்தகைய காலத்தில்தான் தோட்டத்துப் பெண்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தனர். ஒரு தமிழ்க் குடும்பத்தில் தோடும் தாலியும் என்ன பொருள் பெறுகின்றன என்பதை இதைப் படிப்போர்க்கு விளக்கவேண்டுவதில்லை. பஞ்சம் வந்தால் அடகு வைப்பதற்கும், பெண்ணுக்குத் திருமணம் என்றால் எடுத்துக் கொடுப்பதற்கும் இருந்த ஒரே சேமிப்பு அதுவே.

அவ்வாறு கொடுத்த இளையோருள் இருவரை நினைவுகூர்வோம். ஒருவர் கோலாலம்பூரில் 1925-ஆம் ஆண்டு பிறந்த ஜானகி. நேதாஜியின் பேச்சைக் கேட்டபோது அவருக்கு வயது பதினெட்டு. வசதியான குடும்பத்தில் வளர்ந்த அப்பெண், தம் பொற்காதணிகளை அவ்விடத்திலேயே கழற்றிக் கொடுத்தார். அதனோடு நில்லாமல், கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்ஸி ராணிப் படையிலும் சேர்ந்தார். மற்றவர் ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1927-இல் பிறந்த ராஜாமணி. பதினாறு வயதில் தம் நகைகள் அனைத்தையும் நிதிக்கு அளித்துவிட்டார். பின்னாளில் அவரே கூறிய வரலாறு இது: விவரம் அறியாச் சிறுமி கொடுத்துவிட்டாள் போலும் என்று எண்ணிய நேதாஜி, நகைகளைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்கே சென்றார். ராஜாமணி வாங்க மறுத்தார். தந்தையுடையவை அல்ல, தம்முடையவை என்று வாதிட்டார். இலக்குமி வருவாள், போவாள். சரசுவதி அவ்வாறு அகல்பவள் அல்லள் என்ற கருத்தில் அச்சிறுமிக்குச் சரசுவதி என்று நேதாஜி பெயரிட்டார். அன்று முதல் சரசுவதி ராஜாமணி என்பதே அவர் பெயராயிற்று.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. நிதிக்குப் பெருந்தேவை இருந்த நேரம் அது. வந்த பொன்னை வாங்கி வைத்துக்கொள்வதே எளிது. ஆயினும், கொடுத்தது குழந்தையின் மனமா, கூட்டத்தின் ஆரவாரமா என்று அறிந்துகொள்ளத் தலைவர் முயன்றார். இதற்குப் பத்தாண்டுகள் முன்னரே காந்தியடிகளும் இதனையே செய்தார். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் அரிசன நிதிக்காக அவர் மலபாரில் சுற்றுப்பயணம் செய்தபோது, வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் வளையல்களையும் கழுத்து மாலையையும் காதணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அளித்தார். பெற்றோர் இசைவு உண்டா என்று அடிகள் கேட்டார். இவற்றுக்கு ஈடாக வேறு நகை செய்து தரும்படி வீட்டில் கேட்கமாட்டாய் அல்லவா என்பதையும் உறுதிசெய்துகொண்டார். பின்னரே தம் கையெழுத்திட்டு வாழ்த்து எழுதிக் கொடுத்தார். அந்தத் துறவைப் பற்றித் தம் 'அரிசன்' இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார். கௌமுதி பெற்ற பரிசு அவ்வளவே. அவர் பிற்காலத்தில் இந்தி ஆசிரியராகப் பணிபுரிந்து, 2009-இல் மறையும்வரை பொன்னணி பூணாமலே வாழ்ந்தார்.

வழி வேறு வேறாக நின்ற இரு தலைவர்களும் இளையோர் கொடையைப் பொறுத்தவரை ஒரே நெறியைப் பின்பற்றினர். முதலில் மனத்தைச் சோதித்தனர், பிறகே பாராட்டினர்.

பெருஞ்செல்வரிடம் கேட்கும் முறை இவ்வாறு மென்மையாக இருக்கவில்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூர் வணிகரைக் கூட்டி நேதாஜி பேசிய பேச்சு கடுமையானது. நாடு போரில் இறங்கியபின் தனிச்சொத்து என்று ஒன்றில்லை என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகவே கூறினார். தாமாகக் கொடாதவர் கொடுக்கவேண்டியவராவர் என்பதும் அதன் உட்பொருள். மறுபுறம், பணம் வந்தால் போதும் என்றும் அவர் இருந்துவிடவில்லை. சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்கு வந்து நிதி பெற்றுக்கொள்ளும்படி அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று கூறிவிட்டார். கோயிலார் இசைந்தனர். முஸ்லிம் அதிகாரிகளும் உடன் சென்றதை, சென்றவருள் ஒருவரான ஆபித் ஹசன் பதிவு செய்திருக்கிறார். நிதி பெறுவதிலும் மானம் உண்டு என்பதற்கு இது சான்று.

பெருங்கொடையாளரைச் சிறப்பிக்கப் பதக்கமும் இருந்தது. 1944 ஜூலையில் ரங்கூன் வணிகர் அப்துல் ஹபீப் யூசுப் மர்பானி தம் சொத்து முழுவதையும், ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ளதை, நிதிக்கு எழுதிவைத்தார். அவருக்கு 'சேவக்-ஏ-ஹிந்த்' என்ற பதக்கம் அளிக்கப்பெற்றது. தகுதியான சிறப்பே. ஆனால், பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் கழற்றிய தோட்டுக்கு எந்தப் பதக்கம் ஈடாகும்? தொகையால் அளந்தால் அது சிறு துளி. அவளிடம் எஞ்சியதைக் கொண்டு அளந்தால் அதுவும் முழுச் சொத்தே.

இனி, லம்பா லைனுக்கு மீள்வோம். நேதாஜி விமானம் இறங்கிய தளம் கொடையால் அமைந்ததன்று. தீவு மக்களின் உழைப்பு கேட்டுப் பெறப்படவில்லை, பறிக்கப்பட்டது. நேதாஜி செல்லுலார் சிறையைப் பார்வையிட்ட அந்நாளில், தீவின் இந்திய சுதந்திர சங்கத் தலைவராயிருந்த மருத்துவர் திவான் சிங் அச்சிறையிலேயே ஜப்பானியரின் சித்திரவதைக்கு ஆளாகியிருந்தார். 1944 ஜனவரி 14-ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அம்மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் நாற்பத்து நான்கு இந்தியரை ஒற்றர் என்று குற்றஞ்சாட்டிச் சுட்டுக் கொன்றனர். ஜப்பானியர் சூழ வந்துசென்ற நேதாஜியின் செவிக்கு மக்களின் துயரம் எட்டவில்லை என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். அடுத்து வந்த லோகநாதனுக்கோ கல்வித்துறை ஒன்றே கைக்கு வந்தது; காவல் அதிகாரத்தை ஜப்பானியர் விடவில்லை. பெயரளவில் ஆட்சி தந்தவர்கள் பொருளளவில் ஒன்றும் தரவில்லை.

ஆகவே அந்த ஓடுபாதையில் இரண்டு வரலாறுகள் சந்திக்கின்றன. கடலுக்கு அப்பால் தமிழ்ப் பெண்கள் மனமுவந்து கொடுத்தது ஒன்று. இங்கே மக்கள் துப்பாக்கி முனையில் கொடுக்க நேர்ந்தது மற்றொன்று. ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறைத்தல் வரலாறு ஆகாது. வற்புறுத்திப் பெற்றதைக் கொடை என்று அழைத்தால், உவந்து கொடுத்தவரின் பெருமையும் அதனோடு மங்கிவிடும்.

காதணி கொடுத்தவர்களுக்குச் சிறப்பு வந்தது, காலந்தாழ்த்தி வந்தது. போருக்குப் பின் ஜானகி மலேயாவில் பொதுப்பணியில் ஈடுபட்டு, மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவருள் ஒருவராக விளங்கினார். மலேசிய மேலவையிலும் அமர்ந்தார். இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. கழற்றிய காதணிக்கும் பெற்ற விருதுக்கும் இடையே ஐம்பத்தேழு ஆண்டுகள் சென்றன. 2014-இல் அவர் மறைந்தார். சரசுவதி ராஜாமணி சென்னையில் எளிய வீட்டில் முதுமையைக் கழித்தார். தையற்கடைகளில் எஞ்சிய துணிகளைத் திரட்டி, ஆடை தைத்து, ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அளித்துவந்தார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் தாக்கியபின், தியாகிகளுக்குரிய தம் மாத ஓய்வூதியத்தை நிவாரண நிதிக்குக் கொடுத்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. பதினாறில் கொடுத்த கை எழுபதைக் கடந்தும் கொடுத்தது. அவர் 2018-இல் காலமானார்.

தமிழருக்கு இம்மரபு புதிதன்று. இளம்பெண்ணான மணிமேகலை கையில் ஏந்திய அமுதசுரபி தானே நிரம்பவில்லை. ஆதிரை மனமுவந்து இட்ட முதற் பிச்சைக்குப் பின்னரே அது ஊரார் பசியைத் தீர்த்தது. நிதி திரட்டும் இளைஞர் அனைவரும் ஏந்துவது அந்தப் பாத்திரமே. அதில் முதலில் விழுவது எத்தகைய கையினின்று விழுகிறது என்பதே முதன்மையானது.

1949-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7-ஆம் நாள் படைவீரர் கொடி நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அந்நாளில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் ஏந்துவதைப் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் அந்தமானிலும் வாழும் தமிழர் கண்டிருப்பர். தம் பிள்ளைகளையும் அனுப்பியிருப்பர். மிகுதியாகத் திரட்டிய பிள்ளைக்குப் பரிசும் நற்சான்றும் வழங்குவது நல்ல வழக்கமே. ஆயினும் மேடையேற்றுமுன் மூன்று கேள்விகள் கேட்டல் நலம். பிள்ளை தானே விரும்பிச் சென்றதா? கொடுத்தவர் உவந்து கொடுத்தாரா? பெற்ற காசு ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், நான்கு ரூபாய் திரட்டிய சிறுவனும் பதக்கத்துக்கு உரியவன். ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால், நாலாயிரம் திரட்டியவனுக்கும் முதலில் வேண்டுவது பதக்கம் அன்று. பெரியோர் அருகிருந்து சொல்லும் அறிவுரை.

பிறந்த மண்ணைவிட்டுப் பிற மாநிலம் சென்று வாழ்வோர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் செல்வம் பல. அவற்றுள் இந்தக் கொடைநெறியும் ஒன்றாக இருக்கட்டும். லம்பா லைனில் இறங்கும் தமிழ்க் குடும்பம், அந்த நீண்ட பாதையைக் காட்டி, மண் சுமந்த தீவு மக்களையும் தோடு கழற்றிய தோட்டத்துப் பெண்களையும் ஒருசேரத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லுமானால், அவ்விரு சாராருக்கும் நாம் செய்யக்கூடிய சிறப்பு அதுவேயாகும்.