யமுசுக்ரோ: ஒரு டாக்டரின் ஊர்

கூகுள் எர்த்தில் ஊர் ஊராகத் திரிவது எனக்குப் பழைய வியாதி. அப்படித்தான் ஒரு நாள் மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் நடுவே யமுசுக்ரோவில் போய் நின்றேன். அகலமான சாலைகள், சுற்றிலும் பச்சை, அதற்கு நடுவில் ரோமில் இருக்கவேண்டிய ஒரு மாபெரும் குவிமாடம். இது இங்கே எப்படி வந்தது என்று தேடப்போய், ஒரு டாக்டரின் கதை கிடைத்தது.

நம்மூர் 'பட்டி', 'ஊர்' மாதிரி அங்குள்ள பவுலே மொழியில் 'க்ரோ' என்றால் கிராமம். யமுசு என்ற பெண் தலைவியின் நினைவாக வந்த பெயர் இது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான் பெலிக்ஸ் ஊஃபுவே புவாஞி. டக்காரில் மருத்துவம் படித்து, 1925 முதல் 15 வருடம் பிரெஞ்சு காலனி அரசில் டாக்டராக வேலை பார்த்தார். 1940-ல் ஊர்த்தலைமை அவருக்கு வந்தது. வேலையை விட்டுவிட்டு, காபி, கோகோ தோட்டங்களை நடத்திப் பெரும் பணக்காரரானார்.

வியாபாரம்தான் அவரை அரசியலுக்குத் தள்ளியது. அன்றைக்குக் காலனி அரசு ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பும். பிரெஞ்சு முதலாளிகளின் தோட்டத்துக்கு அப்படி ஆள் கிடைக்கும், ஆப்பிரிக்க விவசாயிக்குக் கிடைக்காது. 1944-ல் ஆப்பிரிக்க விவசாயிகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். அடுத்த வருடமே தேர்தலில் ஜெயித்து பாரிஸ் போனார். 1946 ஏப்ரலில் அவர் கொண்டுவந்த சட்டம் பிரெஞ்சுக் காலனிகள் எல்லாவற்றிலும் கட்டாய வேலையை ஒழித்தது. இன்றும் அந்தச் சட்டம் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

1960-ல் சுதந்திரம் வந்தபோது ஜனாதிபதி ஆனவர், 1993-ல் சாகும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. கோகோ பணம் கொட்டியது. சொந்தக் கிராமத்துக்குப் பெரிய சாலைகள், ஏரிகள் (முதலைகளோடு!), கல்லூரிகள் எல்லாம் வந்தன. 1983-ல் அதுவே தலைநகரமும் ஆனது. ஆனால் அரசாங்க வேலைகளில் பெரும்பகுதி பழைய தலைநகர் அபிஜானிலேயே தொடர்ந்தது.

அந்தக் குவிமாடம், 1985-ல் ஆரம்பித்துக் கட்டிய பேராலயம். சிலுவையோடு சேர்த்து 158 மீட்டர், ரோமின் புனித பேதுரு ஆலயத்தை விட உயரம். கண்ணாடி ஓவியம் ஒன்றில் இயேசுவின் அருகே ஜனாதிபதியும் இருக்கிறார். செலவு என் சொந்தப் பணம் என்றார். அதே சமயத்தில் உலகச் சந்தையில் கோகோ விலை விழுந்துகொண்டிருந்தது. 1989-ல் அவர் அரசு விவசாயிக்குக் கொடுத்த விலையை, கிலோவுக்கு 400 பிராங்கிலிருந்து 200-ஆகக் குறைத்தது. 1944-ல் யாருக்காகச் சங்கம் கட்டினாரோ, அடி விழுந்தது அவர்களுக்கே.

போப் இரண்டாம் ஜான் பால் 1990 செப்டம்பரில் வந்து ஆலயத்தை அர்ச்சித்தார். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியும் கட்டவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதற்கும் அடிக்கல் நாட்டியாயிற்று. பிறகு ஜனாதிபதி இறந்தார், 2002-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆஸ்பத்திரி திறந்தது 2015 ஜனவரியில்தான்.

ஆலயம் நாலே வருடத்தில் எழுந்தது. ஆஸ்பத்திரிக்கு இருபத்துநாலு வருடம் பிடித்தது. ஊரைக் கட்டியவர் ஒரு டாக்டர் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் செய்ததில் பெரிய வைத்தியம் எது என்று கேட்டால் 1946-ன் அந்தச் சட்டத்தைத்தான் சொல்வேன். அது மட்டும் கூகுள் எர்த்தில் தெரியாது.